நாயின் நாவும் நம் புண்ணும்

கிளிஞ்சல்மேடு, காரைக்காலைச் சார்ந்த நெய்தல் நிலத்து ஊர். கடற்கரையிலே கிளிஞ்சல் கீறிய காலை நாய் நக்க வருதல் உண்டு. 'நக்கினாற் புண் ஆறும்' என்பாரும் உளர். இக்கூற்று மெய்யோ?

நக்குதலால் அழுக்கு நீங்கும். நாயின் உமிழ்நீரில் சில கிருமிகளை அடக்கும் பொருள்களும் உள. பண்டைக் கிரேக்கர், கோயில் நாய்கள் நக்கினால் நோய் தீரும் என நம்பினர்.

ஆயின், அவ்வுமிழ்நீரிலேயே நம் குருதியை நஞ்சாக்கும் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. வெறிநோய்க் கிருமியோ புண்வழிப் புகுந்து, நரம்பு வழியே மூளையை அடையும். நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. அக்கிருமி, நாயிடம் நோய்க்குறி வெளிப்படுமுன்னரே அதன் உமிழ்நீரிற் கலந்துவிடும். எனவே, நலமாய்த் தோன்றும் நாயையும் நம்புதற்கில்லை.

1885-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவனைத் தடுப்பூசியாற் காத்தார். அவர் பெயர் தாங்கிய நிலையம் 1907-இல் நீலகிரிக் குன்னூரில் தோன்றியது.

ஆதலின் மாணவர்களே, நாய் நக்கிய புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுக. தாமதியாது மருத்துவரை நாடுக. நாயிடம் அன்பு காட்டுக. புண்ணை மட்டும் காட்டற்க.