ஆங்கிலத்தில் மரியாதை எங்கே இருக்கிறது?

விடுமுறைக் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், எமது மாணவிகளில் அநேகர் 'ஐ வோண்ட் டூ டேய்ஸ் லீவ்' என்றுதான் தொடங்குகிறார்கள். இலக்கணத்தில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவர் அதை வாசித்தால், "இந்தப் பிள்ளை என்ன, உத்தரவு போடுகிறாளா?" என்றுதான் நினைப்பார். அதே மாணவி தமிழில் எழுதும்போது "இரண்டு நாள் விடுமுறை தந்துதவுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுகிறாள். தமிழில் இருந்த பணிவு ஆங்கிலத்துக்கு வரும் வழியில் எங்கே போனது?

இது கடிதத்தோடு நின்றுவிடும் காரியமல்ல. நேர்முகப் பரீட்சை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் மின்னஞ்சல், கொழும்பு அலுவலகத்துக்கு எடுக்கும் தொலைபேசி அழைப்பு என்று எங்கும் நமது பிள்ளைகள் பிழையில்லாத ஆங்கிலம் பேசியும் முரட்டுப் பிள்ளைகளாகத் தெரிவதை நான் கண்டிருக்கிறேன். இலக்கணப் பிழை விட்டால் "ஆங்கிலம் போதாது" என்பார்கள். அது திருத்தக்கூடிய குறை. மரியாதை தவறினால் "குணம் போதாது" என்று முடிவுகட்டிவிடுவார்கள். பணம் கட்டிப் பிள்ளைகளை ஆங்கில வகுப்புகளுக்கு அனுப்பும் பெற்றோர் இந்த இரண்டாவது குறையை அறிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சொற்களும் வாக்கியங்களும் தரும் பொருளை ஆராயும் துறையைப் பொருண்மையியல் என்பார்கள். நெல், அரிசி, சோறு என்று நாம் மூன்றாகப் பிரித்ததை ஆங்கிலம் 'ரைஸ்' என்ற ஒன்றில் அடக்குவது அந்தத் துறைக்குரிய செய்தி. அந்தச் சொற்களை ஒருவர், ஒருவரிடம், ஓர் இடத்தில் வழங்கும்போது என்ன பொருள் பிறக்கிறது என்று பார்ப்பது இன்னொரு துறை. ஆங்கிலத்தில் அதைப் 'பிரக்மாட்டிக்ஸ்' என்கிறார்கள். பெயர் புதிதே தவிர, தமிழ் படிக்கும் மாணவிக்கு விடயம் புதிதல்ல.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் ஈ, தா, கொடு என்ற மூன்று சொற்களைப் பற்றிய பகுதியை நினைத்துப் பாருங்கள். மூன்றும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்கும் சொற்கள். ஆனால் தாழ்ந்தவன் கேட்கும்போது 'ஈ' என்பான், ஒத்தவன் 'தா' என்பான், உயர்ந்தவன் 'கொடு' என்பான். கேட்கும் பொருள் ஒன்றுதான். கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் இடையிலான உறவே சொல்லைத் தெரிவு செய்கிறது. இன்று நாம் அந்த வேலையைப் பெரும்பாலும் வினைமுற்றின் வாலில் வைத்திருக்கிறோம். தா, தாங்க, தருவீங்களா, தரமுடியுமா என்று வால் நீள நீள மரியாதையும் கூடுகிறது.

ஆங்கில வினைச்சொல்லுக்கு அந்த வால் இல்லை. 'கிவ்' என்பது தம்பியிடமும் 'கிவ்'தான், அதிபரிடமும் 'கிவ்'தான். போதாக்குறைக்கு நீ, நீங்கள் என்ற பிரிவும் இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. இருவருக்கும் 'யூ' ஒன்றே. "ஆங்கிலத்தில் எல்லாரையும் நீ என்றுதானே அழைக்கிறார்கள்" என்று மாணவிகள் சொல்வதுண்டு. உண்மை அதற்கு நேர்மாறானது. பழைய ஆங்கிலத்தில் ஒருமைக்கு 'தௌ' இருந்தது, 'யூ' பன்மைக்குரிய வடிவம். 13ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு ஒருவரை மரியாதையாக அழைக்கவும் பன்மையைப் பயன்படுத்தும் வழக்கம் பரவியது. 17ஆம் நூற்றாண்டளவில் பொது வழக்கிலிருந்து 'தௌ' மெல்ல விலகிப் போனது. ஆக, ஆங்கிலேயர் 'நீ'யைத் தொலைத்துவிட்டு எல்லாரையும் 'நீங்கள்' என்று அழைக்கிறார்கள். 1930இல் வெளிவந்த பிக்தால் அவர்களின் ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பில் இறைவனைத் 'தௌ', 'தீ' என்ற வடிவங்களில் அழைப்பதைப் பார்த்து, அது ஏதோ உயர்ந்த மரியாதைச் சொல் என்று எண்ணியிருப்பீர்கள். அது நமது துஆக்களில் "யா அல்லாஹ், நீயே" என்று சொல்கிறோமே, அந்த 'நீ'தான்.

வாலும் இல்லை, நீங்களும் தனியாக இல்லை என்றால் ஆங்கிலம் மரியாதையை வேறெங்கோ வைத்திருக்க வேண்டும். அதை வாக்கியத்தின் அமைப்பில் வைத்திருக்கிறது. கட்டளையைக் கேள்வியாக்குவது முதல் வழி. 'கேன் யூ' என்று கேட்டால் "உன்னால் முடியுமா" என்று ஆற்றலை விசாரிப்பதாகத் தோன்றும். ஆனால் உணவு மேசையில் உப்பைத் தரமுடியுமா என்று கேட்டவருக்கு "முடியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தால் அது கேலியாகிவிடும். இரண்டாவது வழி, காலத்தைப் பின்னுக்குத் தள்ளுவது. 'கேன்' என்பதைவிட 'குட்' பணிவானது. 'ஐ வொண்டர்' என்பதைவிட 'ஐ வோஸ் வொண்டரிங்' இன்னும் பணிவானது. நடந்துமுடிந்த கதை போலச் சொல்வதால் கேட்கப்படுபவர் மறுப்பதற்கு இடம் விடுகிறார்கள். எங்கள் விடுமுறைக் கடிதத்துக்கு 'ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் கிராண்ட் மீ' என்று தொடங்கும் வாக்கியம் பொருந்துவது இதனால்தான். அதைப் பரீட்சைக்கான மனப்பாடமாக மட்டும் படித்தால், அதில் 'வுட்' எதற்கு, 'குட்' எதற்கு என்று கடைசிவரை விளங்காது.

'ப்ளீஸ்' போட்டால் போதாதா என்று கேட்பார்கள். போதாது. கட்டளையின் முடிவில் ஒட்டிய 'ப்ளீஸ்' கட்டளையைக் கொஞ்சம் மென்மையாக்குமே தவிர, அதை வேண்டுகோளாக்கிவிடாது.

இந்தக் 'கொஞ்சம்' என்ற சொல்லையும் பாருங்கள். "கொஞ்சம் தண்ணி தாங்க" என்றால் அரைக் கோப்பை போதும் என்று யாரும் அளந்து தருவதில்லை. "கொஞ்சம் வாங்க" என்றால் பாதி வழி வந்து நிற்பதில்லை. இங்கே கொஞ்சம் என்பது அளவைக் காட்டவில்லை, நான் கேட்பது பெரிய தொந்தரவு அல்ல என்று காட்டுகிறது. அதை 'எ லிட்டில்' என்று மொழிபெயர்த்தால் சொல் வந்துசேரும், அது செய்த வேலை வராது.

மரியாதை வழக்குகளைப் பற்றி உலகெங்கும் எடுத்தாளப்படும் ஆய்வு ஒன்றில் தமிழும் இருக்கிறது என்பது நம் மாணவிகளுக்குச் சொல்லப்படுவதில்லை. பெனலோப் பிரவுன், ஸ்டீவன் லெவின்சன் ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்டு, 1987இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் தனிநூலாக்கிய அந்த ஆய்வு மூன்று மொழிகளை அடிப்படையாகக் கொண்டது. ஒன்று ஆங்கிலம். மற்றொன்று மெக்சிக்கோவில் பேசப்படும் செல்த்தால் என்ற மாயன் மொழி. மூன்றாவது தமிழ்நாட்டின் கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பேசப்பட்ட தமிழ். மனிதருக்கு 'முகம்' ஒன்று உண்டு, பேச்சில் அது காயப்படாமல் காக்க எல்லாச் சமூகங்களும் வழி வைத்திருக்கின்றன என்பது அவர்களது கருத்து. முகத்துக்கு இரண்டு பக்கங்கள்: பிறர் என்னை விரும்ப வேண்டும் என்ற ஆசை ஒன்று, பிறர் என்னை நெருக்கக்கூடாது என்ற ஆசை மற்றொன்று. இதை விளங்கிக்கொள்ள நமக்கு அகராதி தேவையில்லை. முகம் கொடுத்துப் பேசவில்லை, முகத்தில் அடித்தாற்போல் சொன்னான், முகத்தை முறித்துக்கொள்ளாதே என்று நாமே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

என் அனுபவத்தில், நமது ஊர்ப் பேச்சு முதலாவது ஆசையை அதிகம் கவனிக்கிறது. அந்நியரையும் சாச்சி, மாமா, ராத்தா, காக்கா என்று உறவாக்கிக் கொள்கிறோம். "எங்க போறீங்க?" என்று வழியில் கேட்பது விசாரணையல்ல, ஸலாத்துக்குப் பின் வரும் அன்பு. "இந்தா, இங்கதான்" என்பது அதற்குப் போதுமான விடை. மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலறிஞர் 1923இலேயே இத்தகைய பேச்சைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். செய்தி கேட்பது அதன் நோக்கமல்ல, மனிதரை மனிதரோடு கட்டுவதே நோக்கம் என்றார். பாசிக்குடாக் கடற்கரையில் வெள்ளைக்காரப் பெண்ணிடம் அதையே ஆங்கிலத்தில் கேட்டால், "உனக்கு எதற்கு அது?" என்ற பார்வைதான் கிடைக்கும். அவருடைய மொழி வழக்கில் இரண்டாவது ஆசைக்கு எடை கூட.

கேட்பதைவிட மறுப்பது கடினம். இங்கேயும் நமது இலக்கணம் கைகொடுக்கிறது. நன்னூலில் எட்டு வகை விடைகளைப் படித்திருப்பீர்கள். உம்மா, "மகள், கடைக்குப் போயிட்டு வாறியா?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "போறன்" என்பது நேர் விடை, "போகமாட்டன்" என்பது மறை விடை. "நீங்களே போங்க" என்பது ஏவல். "போகாம இருப்பனா?" என்பது வினா எதிர் வினாதல். "கால் நோகுது" என்பது உற்றது உரைத்தல், "போனா கால் நோகும்" என்பது உறுவது கூறல், "வீட்டைக் கூட்டித் தாறன்" என்பது இனமொழி. (வழி கேட்டவருக்கு "இதுதான்" என்று காட்டும் சுட்டு விடை இந்தக் கேள்விக்குப் பொருந்தாது.) கால் நோகுது என்ற வாக்கியத்தில் கடையும் இல்லை, மாட்டேன் என்ற சொல்லும் இல்லை. ஆனாலும் உம்மாவுக்கு விளங்கிவிடுகிறது. ஏவல் முதலான ஐந்தும் சொல்லாமல் சொல்லும் விடைகள், அவையும் விடையென்றே கொள்ளப்படும் என்று பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டளவிலேயே வகுத்துவிட்டார்.

ஆங்கில உலகில் இதைப் போல் கிரைஸ் என்ற மெய்யியலாளர் 1967இல் ஹாவர்ட் பல்கலைக்கழக விரிவுரைகளில் எடுத்துப் பேசினார். பேசும் இருவரும் ஒத்துழைக்கிறார்கள் என்ற நம்பிக்கையிலேயே உரையாடல் நடக்கிறது. தேவையான அளவு சொல்வார், உண்மை சொல்வார், சம்பந்தமானதைச் சொல்வார், தெளிவாகச் சொல்வார் என்று எதிர்பார்க்கிறோம். சம்பந்தமில்லாததுபோல் ஒன்றைச் சொன்னால், "ஏன் இதைச் சொல்கிறார்?" என்று தேடி மறைபொருளைக் கண்டுபிடிக்கிறோம். பவணந்தியார் விடைகளை வகைப்படுத்தினார். அவை எப்படி விளங்குகின்றன என்பதற்குக் கிரைஸ் காரணம் காட்டினார். இருவரையும் சேர்த்துப் படிப்பதில்தான் இலாபம்.

கிரைஸ் தந்த உதாரணம் ஒன்று உயர்தர மாணவிகளுக்கு மிகவும் உதவும். மெய்யியல் கற்பிக்கும் பதவிக்கு விண்ணப்பிக்கும் ஒரு மாணவனுக்காக ஆசிரியர் சான்றுக் கடிதம் எழுதுகிறார். அவனது ஆங்கிலம் நன்று, வகுப்புக்கு ஒழுங்காக வருவான், அவ்வளவுதான் கடிதம். ஒரு பொய்யும் இல்லை, ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் மெய்யியலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாததால், வாசிப்பவர் அவனைத் தெரிவு செய்யமாட்டார். உங்களுக்குத் தரப்படும் சான்றுக் கடிதத்தில் "நல்ல பிள்ளை, ஒழுக்கமானவள்" என்று மட்டும் இருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் பாடத்தில் உங்கள் திறமை என்ன என்று ஒரு வரி சேர்த்துத் தருமாறு பணிவாகக் கேளுங்கள்.

வாக்களிப்பதிலும் இதே சிக்கல் உண்டு. ஒக்ஸ்போர்ட் மெய்யியலாளர் ஜே. எல். ஒஸ்டின் 1955இல் ஹாவர்டில் ஆற்றிய விரிவுரைகள், அவர் மறைந்தபின் 1962இல் நூலாக வந்தன. சில வாக்கியங்கள் செய்தி சொல்வதில்லை, செயலைச் செய்கின்றன என்றார் அவர். நிக்காஹ்வை நினைத்தால் இது உடனே விளங்கும். வலி "மணமுடித்துத் தந்தேன்" என்கிறார், மாப்பிள்ளை "ஏற்றுக்கொண்டேன்" என்கிறார். இரண்டும் இறந்தகால வினைகள், ஆனால் நடந்ததை அறிவிப்பவையல்ல. சொல்லும் கணத்திலேயே நடப்பவை. உரியவர், உரிய சாட்சிகள் முன் சொல்லாவிட்டால் அந்தச் சொற்களுக்கு அந்த வலிமை இல்லை.

"இன்ஷா அல்லாஹ்" என்பதும் அப்படிச் செயல் செய்யும் சொல்தான். நாளை செய்வேன் என்று சொல்லும்போது இறை நாட்டத்தைச் சேர்த்துச் சொல்வது கஹ்ஃப் அத்தியாயம் கற்றுத்தரும் ஒழுக்கம். ஆனால் ஊர் வழக்கில் அது இரண்டு வேலை செய்கிறது. "இன்ஷா அல்லாஹ், பத்து மணிக்கு வாறன்" என்றால் உறுதியான வாக்கு. "இன்ஷா அல்லாஹ், பாப்பம்" என்றால் வரமாட்டார் என்று அழைத்தவருக்கே தெரியும். பின்னால் வரும் வினைச்சொல்லும் குரலின் இழுவையும் பிரித்துக் காட்டுகின்றன. எழுத்தில் குரல் இல்லை. வெளிநாட்டில் வாசிப்பவருக்கு நமது ஊரின் இழுவையும் தெரியாது. நேர்முகப் பரீட்சைக்கு வருவீர்களா என்று கேட்கும் மின்னஞ்சலுக்கு 'இன்ஷா அல்லாஹ்' என்று மட்டும் பதில் அனுப்பினால், அவர் அதைப் பாதி மறுப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும். அந்தச் சொல்லை நீக்கவேண்டியதில்லை. நாளையும் நேரத்தையும் குறித்து, வருவேன் என்பதை முழு வாக்கியமாக எழுதிவிட்டு, அதன் பின்னால் அதைச் சேருங்கள்: 'ஐ வில் அட்டெண்ட் த இன்டர்வியூ அட் டென் ஓ க்ளொக் ஒன் மண்டே, இன்ஷா அல்லாஹ்.'