அறுவைக்கு முன் அருந்துவது: பாலுக்கு ஒரு கணக்கு, தண்ணீருக்கு ஒரு கணக்கு

மலேசியாவின் ஈப்போவிலும், சுங்கை சிப்புட், பத்து காஜா பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களிலும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவருக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதிகள் இரண்டு: நள்ளிரவுக்குப் பின் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது என்பது ஒன்று, விடியற்காலையில் கிளம்பும்போது வெறும் வயிற்றோடு போகாமல் அரைக் குவளை மைலோவாவது குடித்துவிட்டுப் போக வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவது நோயாளியைத் தேவையில்லாமல் வாட்டுகிறது. இரண்டாவது அவருடைய நுரையீரலுக்கே ஆபத்தாக முடியக்கூடும்.

முழு மயக்கம் கொடுக்கப்பட்டவருக்கு விழுங்குவதும் இருமுவதுமாகிய தற்காப்புச் செயல்கள் ஓய்ந்துவிடுவதால், இரைப்பையில் எஞ்சியிருப்பது மேலேறி மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட வாய்ப்புண்டு. நியூயார்க் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 1946இல் வெளியிட்ட ஆய்வில் 44,016 பேறுகளில் 66 பேருக்கு இவ்வாறு நேர்ந்ததைக் காட்டி, திட உணவு மூச்சை அடைப்பதையும் அமில நீர் நுரையீரலை எரிப்பதையும் இருவேறு கேடுகளாகப் பிரித்து விளக்கினார். அதன்பின் பரவிய அச்சத்தில், திடப்பொருளுக்கும் நீருக்கும் வேறுபாடு பாராமல் நள்ளிரவோடு எல்லாவற்றையும் நிறுத்தும் வழக்கம் உலகெங்கும் வேரூன்றியது. ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே, 1883இல், ஜோசப் லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், மயக்கத்தின்போது வயிற்றில் திடப்பொருள் இருக்கலாகாது என்றும், இரண்டு மணி நேரம் முன்னதாக ஒரு கோப்பை தேநீர் தருவது நல்லது என்றும் எழுதியிருந்தார்.

இரைப்பை தன்னிடம் வந்ததையெல்லாம் ஒரே வேகத்தில் குடலுக்கு அனுப்புவதில்லை. வெறும் தண்ணீரில் பாதி பத்து இருபது நிமிடங்களில் வெளியேறிவிடும். திட உணவோ இரைப்பையின் கீழ்ப்பகுதியில் அரைபட்டு, ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியான பிறகே குடல்வாயைக் கடக்கும். கொழுப்பு சிறுகுடலைத் தொட்டவுடன் அங்கிருந்து சுரக்கும் இயக்குநீர், இரைப்பையின் வேகத்தை மேலும் குறைக்கிறது. பால் பார்வைக்கு நீர்மமாக இருந்தாலும், தோட்டத்து ஆலையில் ஃபார்மிக் அமிலம் கலந்த ரப்பர் பால் திரண்டு கட்டியாவதைப் போல, இரைப்பை அமிலத்தில் அதன் புரதம் உறைந்து கட்டிபடுவதால், அது திட உணவின் கணக்கிலேயே சேர்கிறது.

இந்த அடிப்படையில் அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999இல் வெளியிட்டுப் பின்னர் திருத்திவரும் நெறிமுறைகள், தெளிந்த நீர்மத்துக்கு 2 மணி நேரமும், தாய்ப்பாலுக்கு 4 மணி நேரமும், பிற பாலுக்கும் இலேசான உணவுக்கும் 6 மணி நேரமும், பொரித்த உணவுக்கும் கொழுப்பு மிகுந்த உணவுக்கும் இறைச்சிக்கும் 8 மணி நேரமோ அதற்கு மேலுமோ இடைவெளி வேண்டும் என்கின்றன. தெளிந்த நீர்மம் என்பது பாலோ சக்கையோ கலவாத பானம். ஈப்போ காப்பிக்கடையில் இதைப் பொருத்திப் பார்த்தால், தோட்டத்தில் வரக்காப்பி என்று சொல்லும் கோப்பி ஓவும் தே ஓவும் தெளிந்தவை; மார்ஜரின் சேர்த்து வறுத்த கொட்டையில் வடித்து, குவளையின் அடியில் டின் பால் தேங்கி நிற்க வரும் வெள்ளைக் காப்பியும், தே தாரேக்கும், மைலோவும் பால் கணக்கு. மோரும் அரிசிக் கஞ்சியும், அடியில் மணிகள் கிடக்கும் பார்லித் தண்ணீரும் தெளிந்தவை அல்ல. கோயில் விரதத்தில் பாலும் பழமும் கொள்ளலாம் என்று பழகியவர்களுக்கு இந்த இடத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. ஏனெனில் மருத்துவமனை விரதத்தில் பால் முன்னதாகவே விலக்கு, தண்ணீர் கடைசியில் விலக்கு.

இரண்டு மணி நேரக் கணக்கு, இரைப்பை இயல்பாக இயங்குவோருக்கே பொருந்தும். நீண்டகால நீரிழிவு இரைப்பைக்குச் செல்லும் நரம்பைத் தளரச் செய்வதால், முந்தின இரவு உண்டதும் காலை வரை தங்கிவிடலாம்; 2019ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வு மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகவும், இனவாரியாக இந்தியரிடையே அது மிகுதி என்றும் காட்டியிருப்பதால், இது தமிழ்க் குடும்பங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய செய்தி. செமாகுளுடைட் போன்ற புதிய நீரிழிவு ஊசிகளும், மார்ஃபின் வகை வலி மருந்துகளும், பிரசவ வலியும் இரைப்பையை மந்தப்படுத்துபவை. மோட்டார் சைக்கிள் விபத்தில் அடிபட்டவருக்கு, அடிபட்ட நேரத்திலேயே செரிமானம் ஏறக்குறைய நின்றுவிடக்கூடும் என்பதால், கடைசி உணவுக்கும் அறுவைக்கும் இடையிலுள்ள நேரத்தைவிட, கடைசி உணவுக்கும் விபத்துக்கும் இடையிலுள்ள நேரமே மருத்துவருக்குப் பயன்படும்.

நோயாளிகளோடு மருத்துவமனைக்குப் போய்வரும் குடும்பங்களின் அனுபவத்தில் தேறும் பாடங்கள் சில. தாதி 'புவாசா' (நோன்பு) என்று சொல்லும்போது, உணவு எந்த மணியோடு, தண்ணீர் எந்த மணியோடு என்று தனித்தனியே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. மருத்துவமனை தரும் நேரம் பொதுநெறியைவிடக் கடுமையாக இருந்தால், மருத்துவமனை சொன்னதே நடப்பு. இரத்த அழுத்த மாத்திரையை ஒரு மிடறு தண்ணீரோடு விழுங்கச் சொல்வது உண்டு. இன்சுலினுக்கும் நீரிழிவு மாத்திரைகளுக்கும் தனி விதி இருப்பதோடு, அவற்றுள் சிலவற்றைச் சில நாள் முன்னதாகவே நிறுத்த வேண்டியிருக்கும் என்பதால், அதை முன்பரிசோதனை நாளிலேயே கேட்டுவிட வேண்டும். வெற்றிலை போடும் பழக்கமுள்ள முதியவர் அதை மறைக்காமல் சொல்லிவிடுவதும், நேர்த்திக்கடன் பிரசாதத்தை அறுவை முடிந்தபின் கொடுப்பதும் உத்தமம். குழந்தை அழுகிறதே என்று இரக்கப்பட்டு, பாட்டி புட்டியில் பால் கொடுத்துவிட்டால், கொடுத்த நேரத்தோடு அதைத் தெரிவிக்க வேண்டும். அப்படிச் சொன்னால் அறுவை சில மணி நேரமோ ஒரு நாளோ தள்ளிப்போகும், சொல்லாமல் விட்டால் குழந்தையின் நுரையீரல் அதற்கு விலை கொடுக்க நேரிடலாம்.

பட்டினி நீள்வதும் கேடே. நாள்தோறும் காப்பி குடிப்பவருக்குத் தலைவலியும், முதியவருக்கு நீர்வறட்சியும், சிறு குழந்தைக்குச் சர்க்கரைத் தாழ்வும் நேரிடலாம். ஆகவே காலையில் நடப்பதாக இருந்த அறுவை பிற்பகலுக்குத் தள்ளப்பட்டால், புதிய நேரம் என்ன, அதற்குள் நோயாளி தண்ணீர் குடிக்கலாமா என்று உடனிருப்பவர் தாதியிடமோ மயக்க மருத்துவரிடமோ தயங்காமல் கேட்க வேண்டும். 'குடிக்கலாம்' என்ற விடை பல வேளைகளில் கேட்டால்தான் கிடைக்கிறது.