எதிர்பார்ப்பும் ஒரு கடன்தான்

வியாபாரத்தில் இரண்டு வகையான வாடிக்கையாளர்கள் உண்டு. ஒருவர் தேவையோடு வருகிறார்; மற்றவர் எதிர்பார்ப்போடு வருகிறார். தோட்டத்திலிருந்து ஹட்டன் நகருக்கு இறங்கி வந்து அரிசி, மா, சீனி வாங்குபவர் தேவையோடு வருபவர். நிறை சரியாகவும் விலை நியாயமாகவும் இருந்தால் அவருக்குப் போதும். ஏப்ரல் மாதத்தில் பிள்ளைகுட்டிகளோடு கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வருபவரோ எதிர்பார்ப்போடு வருபவர். குளிர், பனிமூட்டம், கிரகரி வாவி, படகு, குதிரை என்று மனதில் ஒரு படத்தை வரைந்துகொண்டுதான் அவர் மலை ஏறுகிறார். நாம் கொடுக்கும் அறையையும் சாப்பாட்டையும் அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் திருப்தியடைவார், அல்லது முகம் சுளிப்பார்.

இந்த இரண்டாம் வகை வியாபாரத்தை உலகில் மிகப் பெரிய அளவில் செய்பவர்கள், பிரபலமான சினிமாப் படங்களை வைத்துப் பொழுதுபோக்குப் பூங்காக்களில் சவாரிகள் அமைப்பவர்கள். படத்தில் கதாநாயகன் ஓடிய குகைக்குள், ஏறிய வண்டியில், ரசிகரையே ஏற்றி அனுப்புவதுதான் இந்தத் தொழில். ஒரு சவாரி திறக்கப்படுவதற்குச் சில வருடங்களுக்கு முன்பே அறிவிப்பு வந்துவிடும். அது எப்படி இருக்கும், முந்தியதை விட நன்றாக இருக்குமா என்று ரசிகர்கள் திறப்பு நாள் வரை பேசிக்கொண்டே இருப்பார்கள். இந்தப் பேச்சு முதலாளிக்கு லாபமா, சுமையா? நம்மைப் போன்ற சிறு வியாபாரிகளுக்கு இதில் என்ன பாடம் என்று இந்த வாரம் பார்ப்போம்.

கண்டியில் எடுத்த படம்

தூரத்துக் கதை என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். இந்தியானா ஜோன்ஸ் படவரிசையின் இரண்டாவது படம் 1984இல் வெளிவந்தது. அதன் வெளிப்புறக் காட்சிகளில் பெரும்பகுதி 1983இல் நமது கண்டிப் பகுதியில்தான் எடுக்கப்பட்டது. எல்லோருக்கும் நினைவிருக்கும் அந்தக் கயிற்றுப் பாலம், விக்டோரியா அணைக்கட்டு வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில் அதற்கு அருகில் கட்டப்பட்டது.

அந்தப் படத்தில் வரும் சுரங்க வண்டி 1993இல் பாரிஸ் டிஸ்னிலாண்டில் ஒரு சவாரியாகியது. 1995இல் கலிபோர்னியாவில் அதே கதாநாயகனின் பெயரில் இன்னொரு பெரிய சவாரி திறக்கப்பட்டது. இப்போது புளோரிடாவிலுள்ள டிஸ்னியின் அனிமல் கிங்டம் பூங்காவில் மேலும் ஒன்று வருகிறது. அங்கு ஓடிக்கொண்டிருந்த டைனோசர் சவாரி 2026 பெப்ரவரி தொடக்கத்தில் மூடப்பட்டது. அந்த இடத்தில் 2027இல் இந்தியானா ஜோன்ஸ் சவாரியைத் திறப்பதாக நிறுவனம் 2024இல் அறிவித்திருந்தது.

இங்கே ஒரு சிக்கலைக் கவனியுங்கள். மூடப்பட்ட டைனோசர் சவாரியும் கலிபோர்னியாவின் பழைய இந்தியானா ஜோன்ஸ் சவாரியும் ஒரே வகை வண்டியில், ஏறக்குறைய ஒரே தடத்தில் ஓடியவை. ரசிகர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே புதியது பழையதன் நகலாக இருந்தால் "இதற்கா இத்தனை வருடம் காத்திருந்தோம்?" என்பார்கள். அதிகம் மாறிவிட்டாலோ "எங்கள் பழைய சவாரியின் சுவை இதில் இல்லை" என்பார்கள். மாயா இனத்தவரின் கோயில் ஒன்றைக் களமாக வைத்து, கதையைப் புதிதாக அமைப்பதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. இரண்டு பக்க எதிர்பார்ப்பையும் அது எப்படிச் சமாளிக்கும் என்பது திறந்த பிறகுதான் தெரியும்.

கணக்கு நேரான இடம்

எதிர்பார்ப்பைச் சரியாக அடைத்த கதையும் உண்டு. 2010 ஜூன் 18இல் ஒர்லாண்டோ யுனிவர்சல் பூங்காவில் ஹரி பொட்டர் பகுதி திறக்கப்பட்டது. படத்தில் வரும் கோட்டை அங்கே எழுந்து நின்றது. கடையில் மந்திரக்கோல் விற்றார்கள். கதையில் பிள்ளைகள் குடிக்கும் பட்டர்பியர் என்ற பானத்தைக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். பெயரில் பியர் இருந்தாலும் அங்கே விற்பது மதுவல்ல, இனிப்புப் பானம். ரசிகர் மனதில் எந்தெந்தச் சிறு விடயங்கள் பதிந்திருக்கின்றன என்று தேடிப் பார்த்து, அவற்றையே கையில் கொடுத்தார்கள்.

பலன் என்ன? துறைசார் மதிப்பீடுகளின்படி அந்தப் பூங்காவுக்கு 2009இல் வந்தவர்கள் சுமார் 46 இலட்சம் பேர். 2010இல் அது 59 இலட்சமாகி, 2011இல் 76 இலட்சத்தைத் தாண்டியது. சவாரிக்காக வந்தவர் கோலும் வாங்கினார், பானமும் குடித்தார். லாபம் நுழைவுச் சீட்டோடு நிற்கவில்லை.

கணக்குப் பிழைத்த இடம்

இனி டுபாய்க்கு வருவோம். நமது ஊர்ப் பிள்ளைகள் பலர் உழைக்கும் இடம் அது. 2016இன் இறுதியில் அங்கே சில பெரிய பூங்காக்கள் அடுத்தடுத்துத் திறக்கப்பட்டன. அவற்றில் ஒன்று இந்திப் படங்களை மட்டுமே வைத்து அமைத்த பொலிவூட் பார்க்ஸ். ஷோலே, டொன், லகான், கிரிஷ் என்று பெயர்களைக் கேட்டாலே ரசிகனுக்கு ஆசை வரும். இந்தப் பூங்காக்கள் அனைத்துக்குமாக 2017இல் 67 இலட்சம் வருகைகளை எதிர்பார்த்தார்கள். நடந்தது சுமார் 23 இலட்சம்.

காரணங்கள் பல இருக்கலாம். வியாபாரிக்கு விளங்கும் ஒன்றைச் சொல்கிறேன். அங்கிருந்த பிரதான சவாரிகளில் பல, இருக்கை அசைய ஒரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் வகையைச் சேர்ந்தவை. திரையில் பார்த்த படத்துக்குள் இறங்க வந்தவருக்கு மறுபடியும் ஒரு திரையையே காட்டினால் எப்படி? 2021இல் வெளிப்புறச் சவாரிகளைப் புதிதாகச் சேர்த்தார்கள். ஆனாலும் 2023இல் பூங்கா மூடப்பட்டது. பெயர் மக்களை ஒருமுறை கொண்டுவரும். இரண்டாம் முறை கொண்டுவருவது சரக்கின் தரம்.

விலையும் எதிர்பார்ப்பை வளர்க்கும். ஸ்டார் வோர்ஸ் படத்தை வைத்து டிஸ்னி 2022 மார்ச்சில் புளோரிடாவில் ஒரு ஹோட்டலைத் திறந்தது. இருவர் இரண்டு இரவு தங்க ஏறக்குறைய 4,800 டொலர். உள்ளே போனவர்களில் பலர் அதைப் புகழ்ந்தார்கள். ஆனால் அந்த விலைக்குத் தொடர்ந்து ஆள் வரவில்லை. 2023 செப்டெம்பரில் அது மூடப்பட்டது. நல்ல சரக்காக இருந்தாலும், வாங்குபவரின் பைக்கு மேலே விலை போனால் கடை நிற்காது.

நட்டம் யார் தலையில்?

2025 மே மாதத்தில் அபுதாபியில் டிஸ்னி பூங்கா அமையப் போவதாக அறிவித்தார்கள். வளைகுடாவிலும் நமது நாட்டிலும் அதைக் கேட்டு மகிழ்ந்தவர்கள் பலர். ஒப்பந்தத்தை வியாபாரியின் கண்ணோடு பாருங்கள். பணம் போடுவதும் கட்டுவதும் நடத்துவதும் மிரால் என்ற அபுதாபி நிறுவனம். வடிவமைப்பும் மேற்பார்வையும் டிஸ்னியுடையவை. பெயருக்கான உரிமைப் பணம் டிஸ்னிக்குப் போகும். ஆட்கள் குவிந்தால் இருவருக்கும் லாபம். குறைந்தால் போட்ட முதலுக்குப் பொறுப்பு மிராலுடையது.

நமது ஊரில் ஒரு பெரிய கம்பனியின் ஏஜென்சியை எடுப்பவரும் இதே நிலையில்தான் இருக்கிறார். கம்பனி விளம்பரத்தில் எதிர்பார்ப்பைக் கிளப்பிவிடும். களஞ்சியத்தில் சரக்கு தேங்கினால் வாடகையும் வட்டியும் நம்முடையவை. ஏஜென்சி எடுக்குமுன் விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பார்களா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கித்துல்கல சொல்லும் பாடம்

ஹட்டனிலிருந்து அவிசாவளைக்கு இறங்கும் பாதையில் கித்துல்கல இருக்கிறது. டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து ஏழு ஒஸ்கார் விருதுகளைப் பெற்ற 'குவாய் நதியின் மீது பாலம்' என்ற படம் அங்கேதான் எடுக்கப்பட்டது. படத்துக்காகக் களனி கங்கையில் கட்டிய பாலத்தைப் படத்துக்காகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். இன்று போனால் கொங்கிறீட் அத்திவாரத்தின் மிச்சத்தைத்தான் காணலாம். பாலத்தைப் பார்க்க வந்தவருக்குக் காட்ட அதற்கு மேல் எதுவுமில்லை.

ஆனால் ஊர் அதோடு படுத்துவிடவில்லை. பாய்ந்தோடும் ஆற்றில் ரப்பர் படகுச் சவாரி தொடங்கினார்கள். இன்று கித்துல்கல என்றால் இளைஞர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சவாரிதான். படத்தின் பெயர் ஆளை வரவழைத்தது. ஆற்றில் கிடைத்த அனுபவம் அவரைத் தன் நண்பர்களிடம் சொல்ல வைத்தது. கோடிக்கணக்கில் பூங்கா கட்ட வசதியில்லாத ஊருக்கு இது நல்ல முன்மாதிரி.

நமது காசோலையும் எதிர்பார்ப்பும்

வாடிக்கையாளருக்கு மட்டும்தான் எதிர்பார்ப்பு உண்டு என்று நினைக்கக் கூடாது. நமக்கும் உண்டு. சீசனை நம்பிப் புறக்கோட்டையில் மொத்த வியாபாரியிடம் பின்திகதியிட்ட காசோலை கொடுத்து ஸ்வெட்டரும் விளையாட்டுச் சாமானும் இறக்குகிறோம். 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புகளால் சீசன் பாதியில் நின்றது. 2020இல் ஊரடங்கு. 2022இல் எரிபொருள் வரிசை. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் மலையகப் பாதைகளையே உடைத்தது. சனம் வராமல் போனாலும் காசோலை தன் திகதிக்கு வங்கிக்குப் போகத்தான் செய்யும். 67 இலட்சத்தை எதிர்பார்த்து 23 இலட்சம் கண்டவர்கள் கோடிகளில் முதல் போட்டவர்கள். நமக்கு அப்படியொரு அடி விழுந்தால் கடையையே மூட வேண்டிவரும்.

ஆகவே அடுத்த சீசனுக்கு முன் சில விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று: உங்களிடம் வருபவர் மனதில் எந்தப் படத்தோடு வருகிறார் என்று கேட்டறியுங்கள். அதில் உங்களால் கொடுக்க முடிந்த ஒன்றையாவது குறைவில்லாமல் கொடுங்கள்.

இரண்டு: விளம்பரப் பலகையில் போடும் படம் உங்கள் சொந்த இடத்தின் படமாக இருக்கட்டும். வாவி தெரியாத அறைக்கு வாவியின் படம் போடாதீர்கள்.

மூன்று: வேலை முடியுமுன் திறப்புத் திகதி சொல்லாதீர்கள். அரைகுறையாகத் திறந்த ஹோட்டலைப் பற்றிய முதல் பேச்சு நெடுநாள் நிற்கும்.

நான்கு: கடந்த சீசனில் நடந்த விற்பனையில் பாதிதான் இம்முறை நடக்கும் என்று வைத்துக் கணக்குப் பாருங்கள். அப்போதும் காசோலையைத் தாங்க முடிந்தால் மாத்திரம் சரக்கை இறக்குங்கள். மேலதிகமாகத் தேவைப்பட்டால் இடையில் ஒரு லொறியில் எடுத்துக்கொள்ளலாம்.

வாடிக்கையாளர் காசு தருமுன்பே தன் நம்பிக்கையை நம்மிடம் தந்துவிடுகிறார். அது கொப்பியில் எழுதாத கடன். நுவரெலியாவில் ஒரு அறையை வாடகைக்கு விடுபவரும் புளோரிடாவில் சவாரி கட்டுபவரும் அதைச் சொன்னபடி அடைக்கத்தான் வேண்டும்.