எரிச்சல் நின்றால் குணமாகிவிட்டதா? சர்க்கரைக் காலைப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், பெருமாள் கோயில் சுவரில் ஒரு நீண்ட கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்தது. 'வீரசோழன்' என்ற பெயரில் இங்கே 15 படுக்கைகளுடன் ஓர் ஆதுலசாலை, அதாவது மருத்துவமனை, நடந்ததை அது சொல்கிறது. ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், மூலிகை கொண்டுவர ஆட்கள், நாவிதர் என எல்லோருக்கும் அளக்க வேண்டிய கூலி அதில் எழுதியிருக்கிறது. இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளும் பெயர் பெயராக இருக்கின்றன. நோயாளி வைத்தியரைத் தேடி அலையக் கூடாது, வைத்தியம் ஊருக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நினைத்திருக்கிறார்கள்.

இன்று, திருமுக்கூடல் இருக்கும் இந்த உத்திரமேரூர் வட்டாரத்தில் வீட்டுக்கு வீடு பேசப்படுகிற நோய் சர்க்கரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், தமிழ்நாட்டில் பெரியவர்கள் நூறு பேரில் சுமார் 14 பேருக்கு இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது. ஆனால் நாற்று நடுகிற, கல்குவாரியில் நிற்கிற, நூறு நாள் வேலைக்கு நடக்கிற கால்களைப் பற்றி நம்மிடம் இருக்கும் சில நம்பிக்கைகள் அந்த மாத்திரை தரும் பாதுகாப்பைக் கெடுத்துவிடுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: "ராத்திரியில் கால் திகுதிகுன்னு எரியுது. உடம்புச் சூடுதான்."

உண்மை: சர்க்கரை நோயாளிக்கு இரண்டு பாதங்களும் ஒன்றுபோல எரிந்தால், எறும்பு ஊர்வது போலவோ ஊசி குத்துவது போலவோ இருந்தால், முதலில் நரம்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால் நரம்பிழைகளும் அவற்றுக்கு உணவு கொண்டுபோகும் நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடுகின்றன. உடம்பிலேயே மிக நீளமான நரம்புகள் கால் விரல் நுனிக்குப் போகிறவை. அதனால் பாதிப்பு விரல் நுனியில் தொடங்கி, காலுறை போட்ட இடம் போலக் கணுக்கால் வரை மெல்ல ஏறுகிறது. படுத்த பிறகு எரிச்சல் கூடுவதும் இந்த நரம்புப் பாதிப்பின் வழக்கமான குணம்.

இளநீர் குடிப்பதும் பாதத்தில் மருதாணி அரைத்துப் பூசுவதும் சற்று இதமாக இருக்கலாம். ஆனால் நரம்பு கெடுவதை அவை நிறுத்தாது. குதிகாலில் பாளம் பாளமாக வெடிக்கிற பித்தவெடிப்புக்கும் இதே காரணம் இருக்கக்கூடும். வியர்வையைச் சுரக்க வைக்கும் நரம்புகள் செயலிழந்தால் பாதம் வறண்டு பிளக்கிறது. அந்தப் பிளவு வழியாகக் கிருமி உள்ளே போகிறது.

நம்பிக்கை: "ஆறு மாசமா எரிச்சலே இல்லை. குணமாயிடுச்சு."

உண்மை: இதைவிட ஆபத்தான நம்பிக்கை வேறு இல்லை. சர்க்கரை கட்டுக்குள் வந்து எரிச்சல் குறைவதும் உண்டு. ஆனால் பலருக்கு எரிச்சல் நிற்பது நரம்பு முழுவதும் மரத்துப்போவதால்தான். "பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்கு", "செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல" என்று சொல்கிறவருக்கு எரிச்சல் இருக்காது. வலியும் இருக்காது. ஆபத்து மட்டும் கூடியிருக்கும்.

இதை உலகுக்கு விளங்க வைத்த வேலை நடந்தது இதே பாலாற்றங்கரையில், வேலூரில். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட், 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவராக இருந்தார். தொழுநோய் விரல்களை அரித்துத் தின்கிறது என்றே அந்நாளில் எல்லோரும் நம்பினார்கள். நோயாளிகளின் அன்றாடத்தைக் கூர்ந்து கவனித்த பிராண்ட் வேறொன்றைக் கண்டார். கிருமி நரம்பைக் கெடுக்கிறது, அதோடு வலி போய்விடுகிறது. வலி தெரியாதவர் கொதிக்கும் பாத்திரத்தைப் பிடிக்கிறார், ஆணி ஏறிய காலோடு நடக்கிறார், ஏற்கெனவே புண்பட்ட இடத்தையே மறுபடி ஊன்றுகிறார். தூக்கத்தில் எலி கடித்தால்கூட எழுவதில்லை. அதனால் வீடு திரும்பும் நோயாளிகளிடம் அவர் பூனையைக் கொடுத்து அனுப்பினார். அழுத்தத்தைப் பரப்பிவிடும் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்பும் வேலூர், கரிகிரி மருத்துவமனைகளின் இந்த அனுபவத்திலிருந்தே வந்தது. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். தொழுநோயில் கற்ற பாடம் சர்க்கரை நோயாளியின் மரத்த பாதத்துக்கும் அப்படியே பொருந்தும் என்பதை அங்கே எடுத்துக்காட்டினார்.

நம் ஊரில் சீமைக்கருவேல முள் இருக்கிறது, குவாரிச் சல்லி இருக்கிறது, நெல் மூட்டைக்கு அடியில் எலியும் இருக்கிறது. வலி நம் உடம்புக்கு இரவு பகல் பாராத காவல்காரன். அந்தக் காவல் போன பிறகு கண்ணால் பார்த்துத்தான் காலைக் காப்பாற்ற முடியும்.

நம்பிக்கை: "வெந்நீரில் காலை வைத்தால், வெறுங்காலோடு கூழாங்கல்லில் நடந்தால், செத்த நரம்பு உயிர் பெறும்."

உண்மை: மரத்த கால் சூட்டின் அளவை உணராது. மற்றவர்கள் பொறுக்க முடியாத வெந்நீரில் காலை வைத்திருந்துவிட்டு, கொப்புளம் கிளம்பிய பிறகு மருத்துவமனைக்கு வருகிறவர்கள் பலர். வெந்நீர்ப் பை, மணல் ஒத்தடம், கணப்பு அடுப்பு எல்லாவற்றிலும் இந்த ஆபத்து இருக்கிறது. கூழாங்கல் நடைபாதையும் முள்முள்ளாக இருக்கும் அக்குபிரஷர் செருப்பும் உணர்வை மீட்பதில்லை, தோலைக் கிழிக்கின்றன.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதர் பாலாற்றங்கரைக்குப் பாரிவேட்டைக்கு எழுந்தருள்வதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக மக்கள் வருகிறார்கள். உணர்வு குறைந்தவர்கள் தரிசனத்தைக் கைவிட வேண்டியதில்லை. ஆற்று மணலில் செருப்போடு நடங்கள். கல் பாவிய பிராகாரத்தை வெயில் ஏறுவதற்கு முன் வலம் வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் இரு பாதங்களையும் திருப்பிப் பாருங்கள்.

நம்பிக்கை: "நரம்புக்கு நாலு சத்து ஊசி போட்டால் போதும்."

உண்மை: வைட்டமின் பி12 குறைந்தாலும் கால் மரத்துப்போகும், எரியும். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கும், மீன், முட்டை, இறைச்சி தொடாதவர்களுக்கும் இந்தக் குறை வரக்கூடும். அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம். குறை இருந்தால் ஊசியோ மாத்திரையோ நல்ல பலன் தரும். குறை இல்லாதவருக்கு அந்த ஊசி சர்க்கரையால் கெட்ட நரம்பைச் சரிசெய்யாது. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தவும் கூடாது.

மதுப்பழக்கம், தைராய்டு குறைபாடு, சிறுநீரக நோய் ஆகியவையும் இதே தொந்தரவைத் தரலாம். அதனால் காரணத்தைக் கண்டறிவது முதல் வேலை. வலியைத் தணிக்க அமிட்ரிப்டிலின், டுலோக்ஸெட்டின், பிரகாபலின், காபாபென்டின் போன்ற மருந்துகளை மருத்துவர் தருவார். அவை எரிச்சலைக் குறைத்துத் தூங்க வைக்கும், நரம்பைப் புதிதாக்காது. பாதிப்பு மேலும் போகாமல் தடுப்பது சர்க்கரைக் கட்டுப்பாடுதான். ரத்த அழுத்தத்தையும் கவனிக்க வேண்டும். பீடி, சிகரெட்டை விட்டாக வேண்டும். புகை காலுக்கு வரும் ரத்தக் குழாயை அடைக்கிறது. ரத்தம் வராத காலில் சின்னக் கீறல்கூட ஆறாது.

நம்பிக்கை: "கால் வீங்கியிருக்கு, வலி அவ்வளவா இல்லை. சுளுக்குதான், உருவிவிட்டால் சரியாகும்."

உண்மை: ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றக் காலைவிடச் சூடாக இருந்தால் உள்ளே எலும்புகளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். சார்கோ பாதம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். நரம்பு மரத்திருப்பதால் அதற்குரிய வலி தெரிவதில்லை. உருவிவிட்டாலும் அந்தக் காலோடு நடந்தாலும் பாதத்தின் வளைவே சரிந்து, கால் என்றைக்குமாக உருமாறிப்போகும். காலை ஊன்றாமல் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

நம்பிக்கை: "ஆஸ்பத்திரிக்குப் போனா காலை எடுத்துடுவாங்க."

உண்மை: இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்பது புரிகிறது. தெருவில் யாரோ ஒருவர் புண்ணோடு போய்க் காலில்லாமல் திரும்பியதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பெரும்பாலும் கால் பறிபோவதற்கு முன் ஒரு சிறு புண் இருந்திருக்கும், அந்தப் புண் வாரக்கணக்கில் வீட்டிலேயே கிடந்திருக்கும். அதன் மேல் காபித்தூள், சுண்ணாம்பு, பற்பசை என்று ஏதாவது அப்பியிருப்பார்கள். இவை புண்ணை மூடி மறைக்கின்றன, உள்ளே சீழ் எலும்பு வரை போகிறது. கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிக் கார்ன் பிளாஸ்திரி ஒட்டுவதும் இதே விளைவைத் தரும்.

வந்த உடனே காட்டிய புண் பெரும்பாலும் ஆறிவிடும். செத்த சதையை அகற்றி, சுத்தமாகக் கட்டி, தேவையானால் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்து, அந்த இடத்தில் உடல் எடை விழாதபடி மாவுக்கட்டோ தனிச் செருப்போ போட்டுவிடுவார்கள். காலைக் காப்பாற்றுகிற சிகிச்சை இதுதான். புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, சீழோடு காய்ச்சல் அடித்தாலோ மறுநாளுக்குத் தள்ளிப்போட வேண்டாம்.

தினமும் செய்ய வேண்டியவை

இரவு படுக்குமுன் பாதத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குனிய முடியாவிட்டால் தரையில் கண்ணாடியை வைத்துப் பாருங்கள், அல்லது பேரப் பிள்ளையைப் பார்க்கச் சொல்லுங்கள். சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவலாம், விரலிடுக்கில் தடவ வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். செருப்பைப் போடுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பின்வார் உள்ள, மெத்தென்ற அடிப்பாகம் கொண்ட செருப்பை வீட்டுக்குள்ளும் போடுங்கள். செருப்பு வாங்க, பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் போங்கள்.

இன்னொன்றையும் கேட்டு வாங்க வேண்டும். 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற நைலான் இழையால், கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் சில இடங்களைத் தொட்டுப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. சில நிமிடங்கள்தான் ஆகும், வலிக்காது. உணர்வு போய்விட்டதா என்பது அதில் தெரிந்துவிடும். தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிப்பதற்கென்றே வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டுவிட்டு மாத்திரையோடு திரும்பிவிடாதீர்கள். செருப்பைக் கழற்றி, "காலையும் பாருங்க" என்று சொல்லுங்கள். புண் இல்லாதபோதே, வலி இல்லாதபோதே, வருடத்துக்கு ஒரு முறையாவது அப்படிக் கேட்பது சர்க்கரை உள்ள ஒவ்வொருவரின் உரிமை. கால் போகாமல் காக்கும் வழிகளில் மிக எளியதும் அதுவே.