பச்சையப்பரின் உயிலும் அறக்கொடை எழுதுவோர்க்கான பாடங்களும்

புதுவாயலிலிருந்து ஆரணி வழியாக மேற்கே சென்றால் வரும் பெரியபாளையத்தில் 1754இல் பிறந்து, துபாஷியாக, அதாவது ஆங்கிலேயருக்கும் உள்ளூர் மக்களுக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகவும் வணிக முகவராகவும் இருந்து பெரும்பொருள் ஈட்டிய பச்சையப்ப முதலியார், 1794இல் தாம் இறப்பதற்குச் சில நாட்களே இருக்கையில் தம் செல்வத்தை அறப்பணிகளுக்கு உயிலாக எழுதிவைத்தார். கொடை பெரிது, ஆயினும் அதைக் கையில் வைத்திருந்தவர்கள் நெடுங்காலம் அறப்பணிகளைச் செய்யாமல் விட்டதால், அட்வகேட் ஜெனரல் எனும் அரசுத் தலைமை வழக்கறிஞர் தலையிட்டு, சென்னை உச்ச நீதிமன்றத்தின் வழியே மீட்க வேண்டியதாயிற்று. கோயில் கட்டளைகளுக்கு ஒதுக்கியது போக மிஞ்சிய தொகையைக் கல்விக்குத் திருப்புவதில் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன் முன்னின்றார். அதன் பயனாக முதல் பள்ளி 1842இல்தான் திறக்கப்பட்டது. இன்றைய பச்சையப்பன் கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததே.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீண்ட அத்தாமதம், கொடையாளியின் மனம் எவ்வளவு விரிந்ததாயினும், உயிலை நடைமுறைப்படுத்தும் பொறுப்பாளரான நிறைவேற்றுநர் சரியாக அமையாவிட்டால் அறம் முடங்கிவிடும் என்பதைக் காட்டுகிறது. எனவே நம்பிக்கைக்குரிய ஒருவரையும், அவர் இல்லாதபோது பொறுப்பேற்க இன்னொருவரையும் உயிலில் குறிப்பது இன்றியமையாதது. அதற்கு இணையாகச் சொற்களிலும் தெளிவு வேண்டும்; வெறுமனே ‘தருமத்துக்கு’ என்று எழுதிய கொடை, பொருள் வரையறுக்க இயலாதது என்னும் காரணத்தால் செல்லாதென 1899இல் அன்றைய மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. பெறும் அமைப்பின் பதிவுப் பெயர், பதிவு எண், முகவரி, கொடையின் நோக்கம் ஆகியவற்றோடு, அவ்வமைப்பு இல்லாமற்போனால் கொடை யாருக்குச் சேர வேண்டும் என்பதையும் எழுதுவதே முறை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளில் உழைத்துச் சேமித்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. நியமனதாரர், அதாவது நாமினி, பெரும்பாலும் பணத்தைப் பெற்று உரியவரிடம் சேர்ப்பவரேயன்றி உரிமையாளர் அல்லர். ஆயுள் காப்பீடு தொடர்பாக இந்திய உச்ச நீதிமன்றம் 1984இல் இதைத் தெளிவுபடுத்தியது. வருங்கால வைப்புநிதியிலோ, குடும்பம் உள்ள உறுப்பினர் குடும்பத்தினரை மட்டுமே நியமிக்க முடியும் என்பதால், படிவத்தில் தொண்டு நிறுவனத்தின் பெயரை எழுதுவது பயன் தராது; கொடையை உயிலிலேயே எழுத வேண்டும்.

இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925இன் 63ஆம் பிரிவின்படி, உயில் எழுதுபவர் ஒப்பமிடுவதை நேரில் கண்ட, அல்லது அது தம் ஒப்பமே என்று அவர் சொல்லக் கேட்ட, இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் ஒப்பமிட வேண்டும். பதிவு கட்டாயமில்லை, எனினும், உயில் பொய்யென்று உறவினர் வழக்காடுவதற்கான வாய்ப்பை அது குறைப்பதால், உடல்நலம் உள்ளபோதே சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலைப் பதிந்து, எழுதிய செய்தியைக் குடும்பத்தாருக்கும் தெரிவித்துவிடுவதே தக்கது.