சொந்த மண்ணில் இல்லாத ஒரு ரியூலிப்

வசந்தம் பிறந்ததும் எமது ஆலயத்திற்கு அடியார்கள் கொண்டுவரும் மலர்களுள் ரியூலிப்பும் ஒன்று. கடைகளில் நாம் வாங்குபவை மனிதர் பல தலைமுறைகளாக இனங்கலந்து உருவாக்கியவை. காட்டு ரியூலிப்புகள் மத்திய ஆசிய மலைச்சரிவுகளிலும் துருக்கியிலும் தாமாகவே வளர்பவை. அவற்றுள் ஒன்றை எமது பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

அதன் தாவரவியற் பெயர் ரியூலிப்பா ஸ்பிறெங்கேரி. பிறப்பிடம் வட துருக்கியின் அமாஸ்யாப் பகுதி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு தோண்டப்பட்ட குமிழ்கள் இத்தாலியின் நாப்போலி நகரிலிருந்த ஒரு பூங்கன்று நிறுவனத்தைச் சென்றடைந்தன. அங்கிருந்த ஜேர்மானியரான கார்ல் ஸ்பிறெங்கரின் பெயரை, 1894இல் கியூ தாவரவியற் பூங்காவின் அறிஞர் ஜோன் கில்பேட் பேக்கர் இதற்குச் சூட்டினார். இன்றோ பிறந்த இடத்தில் இது அழிந்துவிட்டதாகவே தாவரவியலாளர் கருதுகின்றனர். வியாபாரத்துக்காக அளவுமீறித் தோண்டியதும் ஒரு காரணம் என்பர். பிறநாட்டுத் தோட்டங்களிலேதான் அதன் வம்சம் தொடர்கின்றது.

பூவின் அமைப்பு எமக்குப் புதிதன்று. எங்கள் கார்த்திகைப்பூவைப் போலவே ஆறு இதழ்கள், ஆறு கேசரங்கள், மூன்று அறைகள் கொண்ட சூலகம். புல்லி எது, அல்லி எது என்று பிரிக்க முடியாது. இரண்டும் முன்னர் ஒரே குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்தன. இன்று வெவ்வேறு குடும்பங்களாயினும் வருணம் ஒன்றே. கார்த்திகைப்பூவின் தம்பம் நீண்டு ஒரு பக்கமாக வளைந்திருக்கும். ரியூலிப்பில் தம்பம் இல்லையென்றே சொல்லலாம். குறி சூலகத்தின் மேலேயே அமர்ந்திருக்கும்.

ஸ்பிறெங்கேரியின் இலைகள் ஒடுங்கியவை, பளபளப்பானவை. பூ நல்ல சிவப்பு. வெளியிதழ்களின் புறப்பக்கம் மங்கிய மஞ்சள். பல ரியூலிப்புகளின் அடியிலுள்ள கரும்பொட்டு இதற்கில்லை. மற்றவை உதிர்ந்தபின், மே கடைசியிலும் ஜூனிலும் இது மலரும்.

எம்மை மிகவும் வியக்கவைப்பது நிலத்துக்குக் கீழே நடப்பதுதான். இளஞ்செடி ஒரு குழல்போன்ற தண்டைக் கீழ்நோக்கி விட்டு, அதன் நுனியிலே புதிய குமிழை உண்டாக்கும். இவ்வாறு ஆண்டுதோறும் தன்னைத்தானே ஆழமாக நட்டுக்கொள்ளும். அதனால் வளர்ந்த குமிழைக் காயப்படுத்தாமல் தோண்டுவது கடினம்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. ரியூலிப் குமிழ் பார்வைக்கு வெங்காயம் போலிருக்கும். ஆனால் நச்சுத்தன்மை உடையது. 1944-45 பஞ்சத்தில் ஒல்லாந்து மக்கள் வேறு வழியின்றி இதை உண்டார்கள். வீட்டில் குமிழ்களைச் சமையலறைக்குள் வைக்காதீர்கள்.

ஸ்பிறெங்கேரி பக்கக் குமிழ்களால் அதிகம் பெருகுவதில்லை; விதையே அதன் வழி. முற்றிய விதையை இலையுதிர்காலத்தில் தூவினால், குளிர்காலம் கழிந்து புல்லைப்போல ஓர் இலை தலைகாட்டும். பூப்பதற்கு நான்கைந்து ஆண்டுகள் செல்லும். ஆகவே, இதனை வளர்ப்போர் மலரைச் சாமிக்கென்றும் கொய்யாமல், காய் தானாக வெடிக்கும்வரை செடியிலேயே விட்டுவிடுங்கள்.