காப்பிக் கோப்பையில் ஒரு பாடம்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாரில் மழை பிடித்துவிட்டால் எங்கள் வீட்டு அடுப்பில் கருப்பட்டிக் காப்பி கொதிக்கும். மேலை நாட்டார் குளிருக்கு விஸ்கி கலந்த ஐரிஷ் காப்பியை நாடுகின்றனர். இவ்விரண்டையும் ஒப்பிட்டுக் காண்போம்.

அயர்லாந்தின் ஃபாயின்ஸ் என்னும் கடல் விமானத் துறையில், 1940-களில், ஜோ ஷெரிடன் என்னும் சமையற்காரர் குளிரில் நடுங்கிய பயணிகளுக்கு இதனை ஆக்கித் தந்தார் என்பர். 1952-இல் சான் பிரான்சிஸ்கோவின் புவனா விஸ்டா கடையார் அதனைச் செய்ய முயன்றபோது, மேலே மிதக்கவேண்டிய பாலாடை மூழ்கிப் போயிற்று!

செய்முறை எளிது. கண்ணாடிக் குவளையை வெந்நீரால் சூடாக்குக. பால் சேராத சூடான காப்பி 120 மில்லி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி, விஸ்கி 50 மில்லி சேர்த்துக் கலக்குக. சற்றே அடித்த குளிர்ந்த பாலாடையைக் கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிடுக.

விஸ்கி சேர்த்தபின் அடுப்பில் வைத்தல் ஆகாது. ஏன்? சாராயம் 78 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். மணமும் உடன் போகும். சர்க்கரை எதற்கு? சாராயம் நீரினும் இலேசானது. அது கலந்த காப்பியும் இலேசாகிறது. சர்க்கரை அதனைக் கனமாக்கினால்தான் பாலாடை நன்கு மிதக்கும். அப்படியானால் விஸ்கியை விட்டுவிட்டால்? பாலாடை இன்னும் எளிதாய் மிதக்கும்!

இனி நம் பனையைப் பாருங்கள். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறங்குவது பதநீர். அதைக் காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாத கலயத்தில் அதே நீர் நொதித்துக் கள்ளாகிறது. ஒரே பாளை, ஒரே பனையேறி. வேறுபாடு சிறிது சுண்ணாம்பே!

சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைந்து கொதித்ததும் காப்பித்தூள் இட்டு வடித்தால் நம் காப்பி. இஞ்சி உலர்கையில் அதன் காரப்பொருள் மாறி மேலும் உறைப்பாவதால், சுக்கு தொண்டைக்கு இதம் தருகிறது. மதுவோ தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, சூடு ஏறியதுபோல் காட்டி, உடலின் வெப்பத்தை வெளியே போக்குகிறது.

ஒன்று நினைவிருக்கட்டும். 40 விழுக்காட்டு விஸ்கி 50 மில்லியில் 20 மில்லி சாராயம் உண்டு. காப்பி உறக்கத்தை விரட்டுமேயன்றி வெறியைத் தெளிவிக்காது. தெளிந்துவிட்டோம் என்று எண்ணி வண்டியேறுவோர்க்கே இடர் மிகுதி. கேரளத்தில் மது அருந்தச் சட்டம் விதித்த வயதும் 23. ஆகவே விடுதி அறையில் இச்சோதனையைச் செய்ய விரும்புவோர் கருப்பட்டியையும் பாலாடையையும் கொண்டே செய்க. பாடமும் விளங்கும், பனையேறிக்கும் பிழைப்பு உண்டாகும்.